உந்த அறை

என் முன்னறையைக் கடைசி மூச்சு உள்ளவரை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் எடுத்தேன். கடைசி மூச்சு இன்னும் இருக்கிறது. அறைதான் இல்லை.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். குருநகரில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் மட்டும் ஏன் பாக்கி இருக்க வேண்டும்?

என் பெயர் கனிசியஸ். படகு எஞ்சின் திருத்துவது தொழில். நடுக்கடலில் மௌனமாகிப்போன எந்த எஞ்சினையும் அரை மணித்தியாலத்தில் கதைக்க வைப்பேன். வீட்டில் கதைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் இருபத்திரண்டு வருடமாக நிறுத்த முடியவில்லை. அவள் பெயர் யசிந்தா.

வீட்டில் எங்களுக்கு ஒரு படுக்கையறை. கம்பஸில் படிக்கும் மகள் றஜிதாவுக்கு ஒன்று. அவள் மாதத்தில் இரண்டு நாள் வருவாள். மிச்ச நாளெல்லாம் அறை பூட்டியே இருக்கும், சாவியும் அவளோடு போய்விடும். மூன்றாவது அறை, முன்னறை. அது என்னுடையது. தெருவைப் பார்த்த பெரிய யன்னல். பின்னேரத்தில் கடற்காற்று ஒருவரையும் கேட்காமல் உள்ளே வரும். அதற்குள் என் சாய்மனைக் கதிரை, என் றேடியோ, ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் நாலு பேர் 304 சீட்டு விளையாடும் மேசை. வேலையால் வந்து அந்தக் கதிரையில் சாய்ந்தேன் என்றால் நான் யாருக்கும் கணவன் இல்லை, யாருக்கும் தகப்பன் இல்லை, யாருக்கும் தேங்காய் திருவிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

இந்தச் சொர்க்கத்துக்குக் கேடு வந்தது என் மகன் ஜெரிசனால். வயது பதினைந்து. அவனுக்கென்று அறை கிடையாது. ஹோலில் மெத்தை போட்டுப் படுப்பான். போன வருடம் அவன் கால் சாப்பாட்டு மேசை வரை வந்தது. இந்த வருடம் பிறிட்ஜ் வரை வந்துவிட்டது. காலையில் பால் எடுப்பதென்றால் மகனின் பாதத்தைத் தாண்டித்தான் கதவைத் திறக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை அவன் என் முன்னால் வந்து நின்றான்.

"அப்பா, எனக்கு ஒரு அறை வேணும்."

"எந்தக் கன்னத்திலை?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். கையால் கொடுத்தாலும் அறை, கல்லால் கட்டினாலும் அறை. இப்படி ஒரு சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருக்கும்போது பகிடி விடாமல் இருப்பது மொழிக்குச் செய்கிற துரோகம். ஆனால் குசினிக்குள்ளிருந்து யசிந்தா அகப்பையோடு வந்தாள்.

"பிள்ளை கேட்டதிலை என்ன பிழை? அடுத்த வருசம் ஓ.எல். சோதினை."

"சோதினை பள்ளிக்கூடத்திலைதானே நடக்கும். வீட்டிலை என்னத்துக்கு அறை?"

"படிக்க."

"நான் லாம்பு வெளிச்சத்திலை படிச்சனான்."

"படிச்சு?"

இந்த 'படிச்சு?' என்ற கேள்விக்கு இருபத்திரண்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

"முன்னறையைக் குடுங்கோ," என்றாள்.

"என்ரை உயிரைக் கேளும்."

"உயிர் அவனுக்கு என்னத்துக்கு? அதிலை யன்னல் இல்லையே."

அப்போதுதான் அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். தீர்மானம் எடுத்தால் போதாது, அதற்கு ஒரு திட்டம் வேண்டும். என் கண்ணில் சாமான் அறை பட்டது.

சாமான் அறை என்பது வீட்டின் பின்பக்கம், குசினியை ஒட்டி இருப்பது. பழைய எஞ்சின் மூடிகள், கிழிந்த வலை, றஜிதா படுத்த தொட்டில், நத்தாருக்குப் பாலன் குடில் கட்டும் தகரம், கால் ஒடிந்த கதிரை ஒன்று, அதற்குத் துணையாக ஒரு மேசை. யன்னல் என்று சொல்லவும் ஒன்று உண்டு. அதற்குள்ளால் பூனை வருவதென்றால் இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு வர வேண்டும். அந்த அறையைப் பையன் வாய் பிளக்கும்படி அலங்கரித்துவிட்டால்? அவனே 'எனக்கு இதுதான் வேணும்' என்று சொல்லிவிட்டால்? தாய் என்ன செய்வாள்? என் மூளையை நினைத்து எனக்கே பயம் வந்தது.

அன்று பின்னேரம் மகனைக் கூப்பிட்டு விசாரணையைத் தொடங்கினேன்.

"தம்பி, உன்ரை அறை எப்பிடி இருக்க வேணும்?"

"ம்."

ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஓம் என்போம். உள்ளதே இரண்டு எழுத்து. அதில் முதல் எழுத்தை என் மகன் பதின்மூன்றாவது வயதில் எங்கேயோ தொலைத்துவிட்டான். மிச்சத்தை வைத்துத்தான் எங்கள் குடும்பப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

"என்ன நிறம் அடிக்கிறது?"

"கறுப்பு."

"கறுப்போ?"

"ம்."

"நாலு சுவரும்?"

"ம்."

"சீலிங்கும்?"

"ம்."

"டேய், அறை கேக்கிறியோ, சைலன்சர் கேக்கிறியோ?"

அதற்கு அவன் 'ம்' கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் தோண்டியதில் சுற்றிவர நீல லைற் பட்டி வேண்டும் என்பதும், ஒரு பந்தடிகாரனின் ஆளுயரப் படம் வேண்டும் என்பதும் வெளியே வந்தன. அந்தப் பந்தடிகாரனின் பெயரை இரண்டு தரம் சொன்னான். என் வாய்க்குள் அடங்கவில்லை.

"எல்லாம் செய்து தாறன். கறுப்பும் அடிக்கிறன், நீல லைற்றும் பூட்டுறன். ஒண்டே ஒண்டு. முன்னறை இல்லை. பின்னாலை இருக்கிற சாமான் அறை. சரியோ?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ம்," என்றான்.

அந்த 'ம்' வழக்கத்தை விடச் சின்னதாக இருந்தது. எனக்கு விளங்கியது. விளங்காதவன்போல் எழும்பிப் போய்க் கதிரையில் சாய்ந்துகொண்டேன். பாவம்தான். ஆனால் காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது.

செய்தி குசினிக்குப் போனதும் இடி இடித்தது.

"கறுப்போ! வருசம் முழுக்க வீட்டுக்குள்ளை பெரிய வெள்ளிக்கிழமையோ?"

"பிள்ளையின்ரை விருப்பம் யசிந்தா."

"பிள்ளையின்ரை விருப்பத்தைப் பாக்கிற ஆள் அவனை உந்தப் பெட்டிக்குள்ளையோ அடைப்பார்? சுவரெல்லாம் ஈரம் ஊறி ஓதம். மூச்சு விட ஏலாது. அதுக்குள்ளை வைச்ச வலையே இருமுது."

"பெயின்ற் அடிச்சா ஓதம் போயிடும்."

"உங்களுக்கு நெஞ்சிலை இருந்த ஈரம்தான் போயிட்டுது."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது விடுமுறையாக இருந்தது. ஆனால் புதன்கிழமை காலையில் தேத்தண்ணியோடு வந்தாள். குடித்துப் பார்த்தேன். சீனி வழக்கத்தை விடக் கூட.

"இஞ்சேருங்கோ. நானும் யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொல்லுறதுதான் சரி."

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் இந்த வசனத்தை நான் கேட்டதில்லை. கடலில் காற்று திடீரென்று விழுந்துபோனால் அனுபவம் உள்ளவன் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடுவான். நான் பிஸ்கற் இருக்கிறதா என்று கேட்டேன்.

பிஸ்கற்றும் வந்தது.

"ஆனா ஒண்டு," என்றாள். "பெயின்ரர் றஞ்சித்துக்கு எந்த அறை, என்ன நிறம், எத்தினை கோட் எல்லாம் நீங்கள்தான் உங்கடை வாயாலை சொல்ல வேணும். நான் வாயே திறக்க மாட்டன். பிறகு என்னாலை வந்த வினை எண்டு நிக்கக் கூடாது."

"அது குடும்பத் தலைவன்ரை வேலைதானே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

என் வாயைப் பற்றி இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. என் கையில் இருப்பது 'இந்த'. இரண்டு பேருக்கும் எட்டாமல் தூரத்தில் கிடப்பது 'அந்த'. மற்றத் தமிழர்கள் இந்த இரண்டோடு வாழ்க்கையை ஓட்டிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மூன்றாவது ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் கிடப்பது 'உந்த'. நீங்கள் நிற்கும் இடம் 'உங்கை'. உங்கள் அருகில் நிற்பவன் 'உவன்'. மற்ற யாழ்ப்பாணத்தார் இதை உப்புப்போல் தொட்டுக்கொள்வார்கள். நான் சோறாகவே சாப்பிடுகிறவன். ஒரு சாமானுக்கும் பெயர் சொல்லிப் பழக்கமில்லை. 'உதை எடுத்து, உதுக்குள்ளை விட்டு, உப்பிடித் திருப்பு' என்றுதான் என் தொழிலே நடக்கிறது. ஒருமுறை எஞ்சின் திருத்தக் கொண்டுவந்த மட்டக்களப்பு ஆளிடம், அவர் காலடியில் கிடந்த ஸ்பானரைக் காட்டி, 'உதை, உதை' என்றேன். மனிதன் எஞ்சினை ஓங்கி உதைத்தார். எஞ்சின் ஸ்ரார்ட் ஆனது வேறு விஷயம்.

"உங்கடை வாயிலை உதை விட்டா வேறை சொல்லே இல்லையோ?" என்று யசிந்தா எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அவள் குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். குறித்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

புதனும் வியாழனும் வேலைக்குப் போகாமல் சாமான் அறையை நானே வெறுமையாக்கினேன். தும்மித் தும்மி மூக்கு வீங்கியது. கால் ஒடிந்த கதிரையும் மேசையும் மட்டும் மிஞ்சின. அதற்குள் இடுப்புப் பிடித்துவிட்டது.

பையனின் விருப்பத்துக்குக் கறுப்புச் சுவர் என்றால் தகப்பனின் விருப்பத்துக்கும் ஏதாவது வேண்டாமா? ஒரு பெரிய பிறிஸ்ரல் போட் அட்டை வாங்கி, சிவப்பு மையால் கோடு போட்டு, நேரசூசி ஒன்று தயாரித்தேன். காலை 4.30 எழும்புதல். 4.40 செபம். 5.00 கணிதம். பின்னேரம் விஞ்ஞானம், வரலாறு. ஞாயிறு பின்னேரம் மீட்டல். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வெறுமையாக விடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதினேன்: 'றேடியோ, சீட்டாட்டம், பகல் நித்திரை, வெட்டிப்பேச்சு முற்றாகத் தடை. இவ்வறையில் இருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.'

யசிந்தா வந்து ஆறுதலாக வாசித்தாள். உதடு அசைய இரண்டு தரம் வாசித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள். கதவுக்கு உள்பக்கத்திலை அடியுங்கோ. நல்லா இறுக்கி. ஒருக்காலும் கழரக் கூடாது."

சாமான் அறைக் கதவுக்கு நாலு ஆணி போதும். அவள் பாராட்டிய சந்தோஷத்தில் ஆறு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெயின்ற் வாளி வந்து இறங்கியது. அதே நேரம் யசிந்தாவின் தமையன் றொகானிடமிருந்து போனும் வந்தது. அவருக்குக் காங்கேசன்துறையில் சொந்தப் படகு. எஞ்சின் அடியோடு நின்றுவிட்டதாம். என்னை விட்டால் ஆள் இல்லையாம்.

"போயிட்டு வாங்கோ," என்றாள் யசிந்தா. "பெயின்ற் மணம் உங்களுக்குத் தும்மலைக் கூட்டும். றஞ்சித் வந்தா உங்களுக்குப் போன் அடிச்சுக் கேக்கச் சொல்லுறன்."

காங்கேசன்துறைக்குப் போய் எஞ்சின் மூடியைத் திறந்தால் பிளக் வயர் கழன்று கிடக்கிறது. அவ்வளவுதான். அந்த வயர் தானாகக் கழலாது. ஒரு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். மச்சான் கடலைப் பார்த்தார்.

"முடிஞ்சுது. அப்ப நான் வெளிக்கிடுறன் மச்சான்."

"சே, நிண்டு சாப்பிட்டுட்டுப் போ. கணவாய்க் கறி வைக்கச் சொல்லியிருக்கிறன்."

கணவாய் என்றால் நான் கொஞ்சம் பலவீனமானவன். இதுவும் அவர்கள் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயம். சோற்றுக் கோப்பையில் கை வைத்த நேரம் போன் அடித்தது.

"கனிசியஸ் அண்ணை, றஞ்சித் கதைக்கிறன். கறுப்பைக் கலக்கி வைச்சிட்டன். எந்த அறை எண்டு அக்காவைக் கேட்டா, அவரைக் கேள் எண்டுறா."

மச்சானுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். வீட்டில் எனக்குள்ள மதிப்பை அவரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"அறைக்குள்ளைதான் அண்ணை நிக்கிறன். இந்த அறையோ?"

"ஓமடா, உந்த அறைதான்!"

"இல்லை அண்ணை, இதிலை ஒரு கதிரை கிடக்கு."

"தூக்கி வெளியிலை எறி!"

"மேசையும் கிடக்கு."

"அதையும் எறி. உது இனி ஆருக்கு?"

"சோக்கான அறை அண்ணை. நல்லாக் காத்து வருது. கறுப்படிச்சாப் பாழாப் போகும் எண்டு எனக்குப் படுது."

சாமான் அறையில் காற்றாம். வேலையைத் தட்டிக் கழிக்கப் பெயின்ரர்மார் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"றஞ்சித், நீ பெயின்ற் அடிக்க வந்தனியோ, காலநிலை அறிக்கை வாசிக்க வந்தனியோ? நான் சொல்லுறன். உந்த அறைக்குக் கறுப்பு. இரண்டு கோட். சீலிங்குக்கும் அடி. ஒரு பொட்டு வெள்ளை தெரிஞ்சுதோ, வந்து உன்ரை முகத்துக்கும் அடிப்பன்."

"சரி அண்ணை, சரி. லவுட் ஸ்பீக்கரிலைதான் போட்டிருக்கிறன். அக்காவும் கேட்டுக்கொண்டு நிக்கிறா."

"நல்லது. எல்லாரும் கேக்கட்டும்."

போனை வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தேன். அவருக்குக் கணவாய் புரையேறி, கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் தட்டிக் கொடுத்தேன். இரண்டாம் தரமும் கறி போட்டுச் சாப்பிட்டேன். அங்கேயே ஒரு கண் அயர்ந்தேன். திரும்பி வர ஐந்தரை மணியாகிவிட்டது.

படலையடியில் பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் அண்ணை நின்றார். எங்கள் 304 சீட்டுக் கூட்டத்தில் மூத்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"என்ன கனிசியஸ், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ? ஆர் மோசம் போனது?"

"ஒருதரும் சாகேல்லை அண்ணை. ஏன்?"

"யன்னலுக்குள்ளாலை பாத்தன். உள்ளுக்கு எல்லாம் கறுப்புக் கட்டிக் கிடக்கு."

"அது பின்னறை அண்ணை. பெடியனுக்கு."

"பின்னறை எப்ப முன்னுக்கு வந்தது?"

ஓடினேன். முற்றத்தில் முருங்கை மரத்தடியில் என் சாய்மனைக் கதிரை மல்லாந்து கிடந்தது. அதன் மேல் சீட்டு மேசை கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் என் றேடியோ. முன்னறை வாசலுக்குப் போனேன். உள்ளே ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. நாலு சுவரும் சீலிங்கும் கன்னங்கரேலென்று இருந்தன. நடுவில் றஞ்சித்தின் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைத்து என்ன செய்ய? அழுதேன்.

"உதென்னடா?" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் திருந்தவில்லை.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் அண்ணை. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பாருங்கோ."

"நான் சொன்னது சாமான் அறையடா!"

"சாமான் அறை எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை அண்ணை. உந்த அறை எண்டனீங்கள். நான் நிண்டது இந்த அறை. எனக்கு இந்த அறை எண்டா உங்களுக்கு அது உந்த அறைதானே?"

பள்ளிக்கூடத்தில் தமிழில் முப்பத்தைந்துக்கு மேல் எடுக்காத பெடியன் இவன். அன்றைக்கு இலக்கணத்தில் ஒரு பிழை பிடிக்க முடியவில்லை.

"நீ என்னத்துக்கு இந்த அறைக்குள்ளை வந்து நிண்டனி?"

"அக்கா தேத்தண்ணி தந்தவ. இருந்து குடி எண்டு இஞ்சை விட்டவ."

மெல்லத் திரும்பினேன். யசிந்தா வாசலில் நின்றாள். மாதா சுரூபத்தின் முகத்தில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

"என்னைப் பாக்காதையுங்கோ. நான் வாய் திறக்க மாட்டன் எண்டு சொன்னனான். திறக்கேல்லை. அந்தோனியார் சத்தியம்."

"அவனை ஏன் இதுக்குள்ளை இருத்தினனீர்?"

"வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணியைச் சாமான் அறைக்குள்ளை வைச்சோ குடுக்கிறது? நாலு சனம் என்ன சொல்லும்?"

"உம்மடை கொண்ணன்ரை பிளக் வயர் என்னெண்டு கழண்டது?"

"எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தவளை தன்ரை வாயாலை கெட்டா, குளத்தைப் பேசி என்ன செய்யிறது?"

றஞ்சித் பக்கம் பாய்ந்தேன். "உடனை வெள்ளை அடி! திருப்பி அடி!"

"கறுப்புக்கு மேலை வெள்ளை பிடிக்காது அண்ணை. எத்தினை கோட் அடிச்சாலும் சாம்பலாத்தான் நிக்கும்."

சாம்பல் என்றால் சாம்பல். சாம்பல் நிறத்தில் இருந்தாலும் என் அறை என் அறைதான். 'நாளைக்கே சாம்பலாக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரியூசன் முடிந்து ஜெரிசன் வந்தான். தோளில் புத்தகப் பை. வாசலில் நின்று உள்ளே பார்த்தான். சீலிங்கைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான். முற்றத்தில் மல்லாந்து கிடந்த என் கதிரையைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான்.

"அப்பா, உங்கடை அறையையோ எனக்குத் தந்திட்டீங்கள்?"

இரண்டு வருடத்தில் அவன் என்னோடு பேசிய மிக நீளமான வசனம் அது. நான் பதில் சொல்லுமுன் கிட்ட வந்து என் தோளில் நெற்றியை வைத்தான். வைப்பதற்கு அவன் குனிய வேண்டியிருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தான்? பிறிட்ஜ் வரை அளந்த எனக்கு என் தோள் வரை அளக்கத் தோன்றவில்லையே!

"சாமான் அறைக்குள்ளை என்னெண்டு படிக்கப் போறன் எண்டு பயந்து கொண்டிருந்தனான் அப்பா. சொல்லேல்லை. உங்களுக்கு இந்தக் கதிரை, காத்து எல்லாம் எவ்வளவு விருப்பம் எண்டு எனக்குத் தெரியும்."

இதற்குப் பிறகு சாம்பல் நிறத்தைப் பற்றி எவன் வாய் திறப்பான்?

"உனக்கு இல்லாத அறை எனக்கு என்னத்துக்கடா தம்பி?" என்றேன். "பிடிச்சிருக்கோ?"

"ஓம் அப்பா."

ஓம். முழுதாக இரண்டு எழுத்து. தொலைந்துபோயிருந்த ஓ என்னைத் தேடி வந்துவிட்டது. ஒரு முன்னறையைக் கொடுத்து ஒரு ஓ-வை வாங்கினேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழவில்லை.

ஊருக்கெல்லாம் கதை பரவியது. முதலில் நான் சொன்ன கதைதான் பரவியது; சிரிப்பெல்லாம் பிறகுதான். மகனுக்காகத் தன் அறையையே கொடுத்த தகப்பன் என்று பங்குச் சுவாமியார்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப் புகழ்ந்துவிட்டால் பிறகு ஒரு மனிதன் எப்படிப் பின்வாங்குவது?

ஞாயிறு பூசை முடிந்ததும் சீட்டுக்காரர் மூன்று பேரும் வழக்கம்போல் வந்தார்கள். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீல லைற். ஆளுயரப் பந்தடிகாரன் என் யன்னலடியில் நின்று என் காற்றை வாங்கிக்கொண்டிருந்தான். நான் அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அடைக்கலநாதன் அண்ணை சாமான் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"நாலு பேர் இருக்கலாம் கனிசியஸ். மூச்சு விடுறதுக்குத்தான் முறை வைக்க வேணும்."

அதற்குள் குசினிக்குள்ளிருந்து யசிந்தாவின் குரல் வந்தது.

"அண்ணை, கதவுக்கு உள்பக்கத்திலை ஒண்டு அடிச்சுக் கிடக்கு. ஒருக்கா வாசிச்சிட்டு இருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "றேடியோ, சீட்டாட்டம், பகல் நித்திரை, வெட்டிப்பேச்சு முற்றாகத் தடை. இவ்வறையில் இருக்கும் எவருக்கும் இது பொருந்தும்." பிறகு என்னைப் பார்த்தார். "எழுத்து உன்ரை எழுத்துப் போலை கிடக்கு."

அவர்கள் போன பிறகு ஆணியைப் பிடுங்கப் பார்த்தேன். ஆறும் அசையவில்லை. நல்ல ஆணி. நானே தெரிந்தெடுத்தது.

பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. முருங்கையடியில் என் கதிரை அனாதையாகக் கிடந்தது. நனைந்தால் துணி உக்கிவிடும். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். முன்னறையில் பிள்ளை படிக்கிறான். எங்கள் அறையில் கால் வைக்க இடம் இல்லை. ஹோலில் ஜெரிசன் படுத்த மூலை இப்போது வெறுமைதானே என்று அங்கே போனேன். அந்த மூலையில் யசிந்தாவின் தையல் மெசின் வந்து குந்தியிருந்தது. பூ வைத்த துணியால் மூடி, பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டு, ஏதோ பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருப்பதுபோல் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவளும் அதற்கு ஒரு இடம் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியில் சாமான் அறைக்கே போனேன். கதிரையை விரித்தால் கதவு சாத்தாது. கதவைச் சாத்தினால் கதிரை விரியாது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, நேரசூசிக்கு முன்னால் நின்று, கெஞ்சிக் கேட்டேன்.

"யசிந்தா! இந்தக் கதிரையை நான் எங்கையப்பா வைக்கிறது?"

குசினிக்குள் தாளிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பதில் வந்தது. ஒரே ஒரு சொல். அதுவும் என் சொல்.

"உங்கைதான்!"